ரேடியோக்கா படித்துக் காட்டியது

எங்கள் சட்டைக் கம்பெனியின் பினிஷிங் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒன்பது பேரில் ஒருத்தி கதை படிப்பாள். மற்ற எட்டுப் பேரும் அவள் பங்குச் சட்டைகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு முடித்துவிடுவோம்.

மிஷின்கள் எல்லாம் கீழ்த்தளத்தில். மாடியில் எங்களுக்குக் கைவேலை மட்டும்தான். பட்டன் தைப்பது, பிசிர் நூல் வெட்டுவது, சட்டைக்குள் அட்டை வைத்து மடிப்பது, குண்டூசி குத்துவது. வாய்க்கு வேலை இல்லாத வேலை. சூப்பர்வைசர் வந்த புதிதில், யாரும் பேசக்கூடாது என்று சட்டம் போட்டுப் பார்த்தார். அன்றைக்கு எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பாதி வேலைதான் செய்தோம். கதை கேட்டால் எங்கள் கை தானாக ஓடுகிறது என்று கண்டுகொண்ட பிறகு, வியாழக்கிழமை வாரப் பத்திரிகை வரத் தாமதமானால் அவரே கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அடுத்து என்ன ஆகும் என்ற கவலை அவருக்கும் இருந்தது. கதவுக்கு வெளியே நின்று கேட்பார். நாங்கள் தெரியாத மாதிரி இருந்துவிடுவோம்.

படித்தவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோக்கா. அவளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவளைப் பற்றி எழுத என்னைவிட உரிமை உள்ளவள் யாரும் இல்லை, என்னைவிட லாயக்கற்றவளும் யாரும் இல்லை.

என்னை எல்லாரும் பட்டன் என்பார்கள். நான் குள்ளம், முகம் வட்டம், வேலையும் அதுதான். ஒரே பெயரில் மூன்றையும் முடித்துவிட்டார்கள். நாற்பத்து நான்கு வயது வரை எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தப் பக்கங்களில் எழுத்துப் பிழைகளைக் கண்ணாடி திருத்திக் கொடுத்தாள். கண்ணாடி யார் என்று பின்னால் சொல்கிறேன். பிழையைத் தவிர வேறு ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ரேடியோக்காவின் குரல் அப்படி ஒரு குரல். கோபக்காரன் பேசினால் கோபம், கிழவி பேசினால் நடுக்கம். கதையில் மழை பெய்தால் எங்களில் ஒருத்தி எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். அந்தக் குரல் எங்கே பழகியது என்று அவளே ஒரு நாள் சொன்னாள்.

அவள் தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட்டார்கள். தம்பியை வளர்த்தவள் இவள்தான். அவனுக்குக் கல்யாணம் ஆனதும், அக்கா அந்த வீட்டில் இருப்பது அவனுக்கு இடைஞ்சலாகிவிட்டது. அக்காவுக்கு மூளை சரியில்லை, தனியாகப் பேசுகிறாள், ராத்திரியில் கத்துகிறாள் என்று நாலு பேரிடம் சொல்லி, ஒரு கையெழுத்துப் போட்டு, மனநோய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். பதினோரு மாதம். தெளிந்த புத்தியோடு பதினோரு மாதம் அங்கே இருந்தாள். மணிக்கட்டில் கட்டிப்போட்ட தழும்பு இருந்தது. அங்கே புத்தகம் கிடையாது. மருந்து சுற்றி வந்த காகிதம், கிழிந்த செய்தித்தாள், சோப்பு அட்டை என்று எது கிடைத்தாலும் பக்கத்துக் கட்டில்காரிகளுக்குப் படித்துக் காட்டுவாளாம். சோப்பு அட்டைக்குக் கைதட்டினார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அவள் வெளியே வந்தபோது வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள், தம்பி இருக்கும் இடமே தெரியவில்லை.

அன்றைக்கு அறையில் எல்லாருமே அழுதோம். மடிப்பு வேலை பார்க்கும் மூத்தவள், மடிப்பம்மா, சட்டை அட்டையால் விசிறிக்கொண்டே, "பாவம், அவ பட்டது கொஞ்சமா" என்றாள். அதற்குப் பிறகு அந்த வார்த்தை எங்கள் அறையில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஜன்னலோர இடம் ரேடியோக்காவுக்கு, பாவம் அவள் பட்டது. இரண்டு பேருக்குள் சிண்டு முடிந்துவிட்டு வேடிக்கை பார்த்தாளா, போகட்டும், பாவம். நானும்தான் சொன்னேன். எல்லாரையும்விட அதிகமாகச் சொன்னவள் நான்.

ஏனென்றால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் குடியிருந்தோம். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே, ஒரு ஜன்னல், இரண்டு கட்டில், ஒரு ஸ்டவ். ஏழு வருடம். எனக்கு டைபாய்டு வந்தபோது பதினெட்டு நாள் லீவு போட்டு என்னைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டவள் அவள். வாய்க்கு ருசி இல்லை என்று நான் கஞ்சியைத் தள்ளினால், கதையில் வரும் அதிகாரி குரலில் மிரட்டி ஊட்டுவாள். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு தங்கச்சி. அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பதினேழு. அவளுக்குச் சடை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி, நான் படிக்காத படிப்பை அவளைப் படிக்க வைத்தேன். அவள் ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். எனக்குப் பிடிக்கவில்லை. என்ன பிடிக்கவில்லை என்று இப்போது கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. என்னைக் கேட்காமல் முடிவு பண்ணிவிட்டாள், அதுதான். "உன் மூஞ்சியில இனிமே முழிக்க மாட்டேன்" என்றேன். "நீ என்ன என் அம்மாவா" என்றாள். அதோடு சரி. அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

ஐந்து வருடம் கழித்து அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ரேடியோக்காவிடம் கொடுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி முதலில் மனதுக்குள் படித்தாள். பிறகு உரக்கப் படித்தாள்.

"அக்காவுக்கு. நாங்கள் நலம். நீ நலமா. பெண் குழந்தைக்கு மூன்று வயது ஆகிறது. வேறு விசேஷம் இல்லை."

"அவ்வளவுதானா? ரெண்டு பக்கம் இருக்கே."

"எழுத்து பெருசு பெருசா எழுதியிருக்கா."

"வான்னு எழுதலையா?"

அவள் விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போனாள். கடைசி வரியில் விரல் நின்றது. "எழுதலையே, பட்டன்" என்றாள்.

கூப்பிடாமல் போய் நிற்க என் ரோஷம் விடவில்லை. ஆனால் மனசு முழுக்க அங்கேதான். "நீ எழுது, ரேடியோக்கா. வான்னு ஒரு வார்த்தை எழுதினா போதும், அடுத்த பஸ்ஸுலயே வரேன்னு எழுது" என்றேன். அவள் எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பேனா போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தபால் பெட்டியில் என் கையால்தான் போட்டேன்.

பதில் வரவில்லை. ஒன்றரை வருடம் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. வீடு மாறப்போகிறோம், புது விலாசத்தைப் பிறகு எழுதுகிறேன், எல்லாரும் நலம். இவ்வளவுதான் இருக்கிறது என்றாள் ரேடியோக்கா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று சொன்னவளுக்கு விலாசம் கொடுக்கக்கூட மனசில்லையா.

"இனிமே எனக்கு எழுத வேண்டாம்னு எழுது. பழைய விலாசத்துக்கே போடு. கிடைச்சா கிடைக்கட்டும்."

"நிஜமாவா எழுதட்டும்?"

"எழுது."

"யோசிச்சுக்கோ."

"எழுதுன்னா எழுது."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு எழுதினாள். அந்த இரண்டு கடிதங்களையும் மடித்து பிஸ்கட் டப்பாவில் வைத்தேன். படிக்கத் தெரியாவிட்டாலும் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். அவள் எழுத்து அழகாக இருக்கும். நான் அனுப்பிய பள்ளிக்கூடம்தானே.

அதற்கு அடுத்த வருடம் வந்ததுதான் அந்தத் தொடர்கதை. பெரிய மருமகள் என்று ஒருத்தி. நகை திருடினாள் என்று வீண்பழி சுமத்தி, கொட்டுகிற மழையில் கைக்குழந்தையோடு அவளை வீட்டை விட்டுத் துரத்துகிறார்கள். குழந்தை காய்ச்சலில் செத்துப்போகிறது. பன்னிரண்டு வருடம் கழித்து, எல்லாவற்றையும் மன்னித்துவிட்டவள் மாதிரி அதே வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். வந்து, மாமியாரையும் மகனையும் பிரிக்கிறாள், அண்ணனையும் தம்பியையும் மோத விடுகிறாள். முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. எங்கள் அறையே அவள் கட்சி. மாமியார் படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட வாரம் மடிப்பம்மா எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

எனக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தியது. அந்த வீட்டில் ஒரு நாத்தனார் உண்டு. துரத்திய அன்றைக்கு அவளுக்கு எட்டு வயது. மழையில் குடையைத் தூக்கிக்கொண்டு அண்ணியின் பின்னாலேயே தெருமுனை வரை ஓடியவள் அவள் ஒருத்திதான். இப்போது பெரிய மருமகள் அவளிடமும் சிரித்துச் சிரித்துப் பேசி அவள் ரகசியத்தையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சின்னப் பொண்ணு என்னக்கா பண்ணிச்சு?" என்று கேட்டேன்.

"அந்த வீட்டுச் சோத்தத்தானே தின்னுச்சு" என்றாள் மடிப்பம்மா.

"நாமளும்தான் இந்த முதலாளி சோத்தத் திங்கிறோம். அவர் பண்றதுக்கெல்லாம் நம்மளைப் புடிச்சு உதைக்கலாமா?"

"உனக்குப் பட்டிருந்தா தெரியும்" என்றாள் ரேடியோக்கா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே. பதினோரு மாதத்துக்கு எதிரே நான் என்ன பேச முடியும்.

அந்தச் சமயத்தில்தான், நின்றுபோன ஒருத்திக்குப் பதிலாக, கண்ணாடி வேலைக்குச் சேர்ந்தாள். பெரிய மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் அந்தப் பெயர். அதிகம் பேசமாட்டாள். கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள், கடை மூடிவிட்டதால் எங்களிடம் வந்தாள். அந்த வாரக் கதையில் நாத்தனாரின் பெட்டிக்குள்ளிருந்து அதே பழைய நகை கிடைக்கிறது. நிச்சயம் பண்ணியிருந்த கல்யாணம் நின்றுபோகிறது. நகையை அங்கே வைத்தது மாமியார்தான், மகள் தன்னை விட்டுப் போய்விடக்கூடாது என்பதற்காக வைத்தாள் என்று ரேடியோக்கா படித்தாள். மாமியாரைத் திட்டி ஓய்ந்து நாங்கள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது கண்ணாடி மெதுவாகச் சொன்னாள்.

"அப்படி இல்லையேக்கா. காலையில நான் பஸ்ஸுல படிச்சேன். நகையை வச்சது பெரிய மருமக."

கண்ணாடி எழுந்துபோய் பத்திரிகையை வாங்கி அந்த இடத்தைப் படித்தாள். அவளுக்கு ரேடியோக்காவின் குரல் இல்லை, சமையல் குறிப்பு படிக்கிற மாதிரிதான் படித்தாள். பெரிய மருமகள் பெட்டியைத் திறக்கிறாள், அந்தப் பெண்ணின் துணிகளுக்கு அடியில் நகையை வைக்கிறாள், என் குழந்தைக்கு யாரும் இரக்கப்படவில்லையே என்று நினைத்துக்கொள்கிறாள், மூடுகிறாள்.

ரேடியோக்கா முகம் மாறவில்லை. "ஆமா, மாத்தித்தான் படிச்சேன்" என்றாள். "அத்தனையும் பட்டுட்டுக் கடைசியில அவ கெட்டவளாவும் ஆகணுமா? என் வாயால அதைச் சொல்ல மனசு வரல."

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், ஒருத்திக்கும் கோபம் வரவில்லை. "அவ மனசு கேக்கல, பாவம்" என்றாள் மடிப்பம்மா. இன்னொருத்தி, இதுதான் நன்றாக இருக்கிறது, கதை எழுதுகிறவனுக்கு என்ன தெரியும் என்றாள். சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்தார்கள்.

நான் மட்டும் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். வெள்ளைச் சட்டை, ரத்தம் பட்டுவிட்டது. சூப்பர்வைசர் திட்டினார். அவர் திட்டியது எதுவும் காதில் விழவில்லை. எழுத்து பெருசு பெருசா எழுதியிருக்கா என்று அவள் சொன்னதுதான் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த எழுத்தை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். எறும்பு மாதிரி சின்னச் சின்னதாக இருக்கும்.

மறுநாள் பிஸ்கட் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். சாப்பாட்டு வேளையில் மாடிப்படியில் கண்ணாடியை உட்கார வைத்துக் கொடுத்தேன். "உள்ளதை அப்படியே படி" என்றேன்.

முதல் கடிதம். அக்கா, அன்றைக்கு நான் பேசியது தப்பு. நீதான் என் அம்மா. அவரும் உன்னை வரச் சொல்கிறார். பாப்பாவுக்கு அச்சு அசல் உன் மூக்கு. ஒரு தடவை வந்து பார். வந்து திட்டினாலும் சரி.

இரண்டாவது கடிதம். அக்கா, வேலை அதிகம், வர முடியாது என்று நீ எழுதியது கிடைத்தது. நான் வருத்தப்படவில்லை. ஆனால் இப்போது வயிற்றில் கட்டி என்கிறார்கள், ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. சின்ன வயதில் இடி இடித்தால் என் காதைப் பொத்துவாயே, அந்த மாதிரி பக்கத்தில் வந்து இரு. வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே, ஒரு வாரம் வந்தால் போதும்.

கண்ணாடி படித்து முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நான் எழுந்து, யாரிடமும் சொல்லாமல், பையோடு பஸ் நிலையத்துக்குப் போனேன். கடிதத்தின் மேலே இருந்த விலாசத்தைக் கண்ணாடி ஒரு சட்டை அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தாள். வழியெல்லாம் அதை நீட்டி நீட்டிக் கேட்டுக்கொண்டே போனேன்.

அவர்கள் வீடு மாறவே இல்லை. கதவைத் திறந்தது அவள் புருஷன். என்னைப் போட்டோவில் பார்த்திருப்பார் போலிருக்கிறது, உடனே தெரிந்துகொண்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை.

"பதினாலு மாசம் ஆச்சுக்கா" என்றார்.

வாசல்படியில் உட்கார்ந்தேன். பிறகு அவர் அலமாரியிலிருந்து இரண்டு கடிதங்களைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ரேடியோக்காவின் கையெழுத்து, பார்த்தாலே எனக்குத் தெரியும்.

"எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. நீங்களே படிங்க."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு படித்தார். முதலாவது, எனக்கு இங்கே வேலை அதிகம், வர முடியாது, நீ சௌக்கியமாக இரு. இரண்டாவது ஒரே வரி. இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

அந்த ஒன்று மட்டும் நான் சொன்னபடியே இருந்தது.

"ஆபரேஷனுக்கு முந்தின நாள் இது வந்துச்சு" என்றார் அவர். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உள்ளே இருந்து ஆறு வயதுப் பெண் எட்டிப் பார்த்து, யார் என்று கேட்டது. பெரியம்மா என்றார். மூக்கு என் மூக்குதான்.

மறுநாள் மத்தியானம் நான் அறைக்குத் திரும்பியபோது ரேடியோக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என் தங்கச்சி செத்துட்டா" என்றேன்.

"ஆபரேஷன்னா எல்லாரும் பிழைச்சு வந்துர்றாங்களேன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "நீ போனா திரும்பி வரமாட்டே. பிள்ளையைப் பார்த்ததும் அங்கேயே இருந்துருவே. எனக்கு யாரு இருக்கா சொல்லு. கூடப்பொறந்ததுங்க என்ன பண்ணும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் பட்டது உனக்குத் தெரியும்தானே, பட்டன்."

"தெரியும். உன்னை அந்த ஆஸ்பத்திரியில நான் சேர்க்கல. என் தங்கச்சியும் சேர்க்கல."

அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெங்காயமா வேறெதுவுமா என்று நான் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. என் துணிகளையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கண்ணாடி வீட்டுத் திண்டாட்டத்தில் நானும் ஒரு ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஏற்கெனவே நாலு பேர், ஒரே அறை.

வேலையிடத்தில் விஷயம் தெரிந்தது. எனக்கு எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து மடிப்பம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வேணும்னா பண்ணினா? அவளைப் படுத்தின பாடு அவளை அப்படி ஆக்கிடுச்சு. மன்னிச்சு விடு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாவத்தை எல்லாம் சேர்த்து ஒரு மூட்டையாகக் கட்டி என் தங்கச்சி தலையில் வைத்துவிட்டார்கள். என் தங்கச்சி யாருக்கு என்ன செய்தாள், அவள் பட்டதை எந்த வாரம் எந்தப் பத்திரிகையில் போட்டார்கள், யார் டீ வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

அன்றிலிருந்து ரேடியோக்காவின் பங்குச் சட்டையில் ஒரு பட்டன்கூட நான் தைக்கவில்லை. அதில் என் பங்கையும் சேர்த்து மற்ற ஏழு பேரும் தைத்தார்கள். அவள் படித்தாள். கதை முடிகிற வரைக்கும் படித்தாள். கடைசியில் பெரிய மருமகளை எல்லாரும் மன்னித்துவிட்டார்களாம். நாத்தனார் என்ன ஆனாள் என்று கதையில் சொல்லவே இல்லை. ரேடியோக்கா மாற்றிப் படிக்கவில்லை, நான் கண்ணாடியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் படிக்கக் கற்றுக்கொண்டேன். சட்டைக்குள் வைக்கும் அட்டைகளில் வளைந்துபோனதைக் கழித்துப் போடுவார்கள். அவற்றில்தான் கண்ணாடி எழுதிக் கொடுப்பாள். சாப்பாட்டு வேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து, ஒரு கையில் சாப்பாடு, ஒரு கையில் அட்டை. எட்டு மாதம் ஆனது. தங்கச்சியின் இரண்டு கடிதங்களையும் நானே எழுத்துக் கூட்டிப் படித்து முடித்த நாளில் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். காதைப் பொத்துவாயே என்ற இடத்தில் ஒரு சொல்லை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருந்தாள். அது கண்ணாடி படித்தபோது எனக்குத் தெரியவில்லை.

மாதம் ஒரு தடவை பெண்ணைப் பார்க்கப் போவேன். பெரியம்மா என்று கூப்பிடும். மடியில் வந்து உட்காராது.

இரண்டு வருடத்தில் ரேடியோக்காவுக்குச் சர்க்கரை வியாதி முற்றிக் கண் மங்கிப்போனது. முதலில் பத்திரிகையை மூக்குக்கு முன்னால் பிடித்துப் படித்தாள். பிறகு படிப்பதுபோல் பாவனை செய்து மனதிலிருந்து கட்டிச் சொன்னாள். அதுவும் முடியாமல் வேலையை விட்டு நின்றுவிட்டாள். சைக்கிள் கடைக்கு மேலே அதே அறையில்தான் இருந்தாள். மடிப்பம்மாவும் மற்றவர்களும் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நான் போகவில்லை.

ஒரு நாள் அவள் பெயருக்கு எங்கள் வேலையிடத்து விலாசத்தில் ஒரு கடிதம் வந்தது. மடிப்பம்மா எடுத்துக்கொண்டு போனாள். போன வேகத்தில் கடிதத்தோடு திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"உன்னைத்தான் வரச் சொல்றா. வேற யாரும் படிக்கக் கூடாதாம்."

"என்னையா? எதுக்கு?"

"பட்டன் ஒருத்திதான் மாத்திப் படிக்க மாட்டான்னு சொன்னா."

போனேன். எதற்குப் போனேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மத்தியான வெயில் அந்த ஒரே ஜன்னல் வழியாக அவள் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. என் கட்டில் அப்படியே இருந்தது, அதன் மேல் துவைத்த துணி மடித்து வைத்திருந்தாள். தலை வாரி, முகம் கழுவி, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"உறையைத் தடவிப் பார்த்தேன். பின்னால ரெண்டு தடவை மடிச்சு ஒட்டியிருக்கு. அவன் அப்படித்தான் ஒட்டுவான். என் தம்பிதானே?"

பின்பக்கத்தில் அவன் பெயர் இருந்தது. "ஆமா."

"இருபத்தி ரெண்டு வருஷம்" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி முதலில் மனதுக்குள் படித்தேன். ஒரே பக்கம்தான். மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்று விசாரிக்கிறார்கள். தனக்கு அக்கா கிடையாது என்று அவன் சொல்லிவிட்டான். யாராவது தேடி வந்தால் நீயும் அப்படியே சொல்ல வேண்டும். பதில் எழுதாதே. இவ்வளவுதான். நலமா என்றுகூட அதில் இல்லை.

"என்ன எழுதியிருக்கான்?" என்றாள். பிறகு, "வான்னு எழுதியிருக்கானா?" என்றாள்.

அந்தக் கேள்வியை எனக்குத் தெரியும். அதே கட்டிலில் உட்கார்ந்து நான் கேட்ட கேள்வி. நலமா என்று கேட்டிருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம். அவளுக்கு அதைச் சரிபார்க்கக் கண் கிடையாது. எனக்கு டைபாய்டில் கஞ்சி ஊட்டிய கை அவள் மடியில் இருந்தது, தழும்போடு.

நான் உள்ளதை உள்ளபடி படித்தேன். கண்ணாடி சொல்லிக் கொடுத்த மாதிரி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தெளிவாகப் படித்தேன். எனக்கு அக்கா கிடையாது என்று சொல்லிவிட்டேன் என்ற வரி வந்ததும் அவள் கையை உயர்த்தி, "போதும்" என்றாள்.

நான் நிறுத்தவில்லை. பாக்கி இருந்த மூன்று வரியையும் படித்தேன். அவன் கையெழுத்துப் போட்டிருப்பதையும் சொன்னேன். பிறகு கடிதத்தை மடித்து அவள் கையில் வைத்தேன்.

அவள் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். "நல்லதா ஒரு வரி சேர்த்துப் படிச்சிருக்கலாமே, பட்டன்" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. கெஞ்சுகிற குரலும் இல்லை. இத்தனை வருடம் படித்தவள், தொழில் தெரிந்தவள் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் படியிறங்கினேன்.

அதற்குப் பிறகு அவள் சாப்பாட்டைத் தொடவில்லை, மாத்திரையும் போடவில்லை என்று மடிப்பம்மா சொன்னாள். ஐந்து வாரம் இருந்தாள்.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் அறையில் எட்டுப் பேரும் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தோம். படிக்க ஆள் இல்லை. நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போதும் என்றதையும், நான் நிறுத்தாமல் படித்ததையும். யாராவது ஒருத்தி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மடிப்பம்மா சட்டையை மடித்து அட்டையை உள்ளே செருகினாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, எனக்குக் கேட்காது என்று நினைத்து, மெல்லச் சொன்னாள்.

"பட்டனும் என்ன பண்ணுவா. பாவம், அவ பட்டது கொஞ்சமா."

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் அவர்களிடம் சொல்ல நினைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். போதும் என்ற வரைக்கும் படித்தது அவள் கேட்டதற்காக. அதற்குப் பிறகு படித்த மூன்று வரிக்கும் என் தங்கச்சி செத்ததற்கும் சம்பந்தம் இல்லை. அதை நான்தான் படித்தேன்.